தாடாவ் டாக்டர்

கல்கத்தாவில் ஒரு காலத்தில் ரேஸ் குதிரைகள் தின்ற கொள்ளில் பாதிக்கு மேல் என் கடை மூட்டையிலிருந்து போனதுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திருநெல்வேலிப் பக்கமிருந்து ரயிலேறி, பொஸ்தா மொத்தச் சந்தையில் மூட்டை தூக்கி, லேக் மார்க்கெட்டில் சொந்தக் கடை போட்டு, ஹேஸ்டிங்ஸ் பக்கத்து ரேஸ் லாயங்களுக்குத் தீனி சப்ளை செய்கிற அளவுக்கு வளர்ந்தவன் பெருமைப்படாமல் வேறு எவன் படுவான்? தமிழ், வங்காளம், இந்தி, கொஞ்சம் மார்வாடி என்று நாலு பாஷையில் பேரம் பேசுவேன். நாலிலும் என்னை ஏமாற்றியவன் கிடையாது.

இப்படிப்பட்ட என்னை நடுத்தெருவில் நிற்கவைத்து வேட்டியைத் தூக்கிப் பார்த்த மனிதர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கடை போட்ட புதிது. லாரியிலிருந்து கொள்ளு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேகமாக நடக்கிறேன். பின்னாலிருந்து ஓர் அதட்டல்: "தாடாவ்!"

வங்காளத்தில் தாடாவ் என்றால் நில். போலீஸ்காரனோ என்று நின்றுவிட்டேன். காலடியில் என்னவோ ஊர்கிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால், கண்ணாடி போட்ட ஒரு ஒல்லி ஆசாமி குத்தவைத்து உட்கார்ந்து, என் வேட்டி நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேட்டிய விடும்வே!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

அவர் அசரவில்லை. நம்மூர்ப் பேச்சுதான் திரும்பி வந்தது. "எத்தன வருசமா ஒரே தோள்ல தூக்குதீரு அண்ணாச்சி?"

"அது எதுக்கு உமக்கு?"

"இடது காலால பூமிய மிதிக்கீரு. வலது காலால சும்மா தொட்டுட்டுப் போறீரு. குதிரையா இருந்தா உம்ம இந்நேரம் வண்டிய விட்டு அவுத்திருப்பான்."

"நீரு டாக்டரா?"

"குதிரை டாக்டரு."

"பெறகு என் காலை எதுக்குவே பாக்கீரு?"

"நடக்குதுல்லா? நடந்தா பாப்பேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். முகத்தை அவர் ஏறிட்டே பார்க்கவில்லை. கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றில் வேலை, குதிரைக்கால் எலும்பில் ஆராய்ச்சி, லேக் மார்க்கெட்டில் மாடி அறையில் தனிக்கட்டை வாசம் என்பதெல்லாம் நான் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டவை.

காலைத்தான் பார்ப்பார். மனிதர்களைக் காலை வைத்துத்தான் அவருக்குத் தெரியும். வியாபாரம் சூடுபிடித்ததும் நான் ஒருநாள் புது பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு கரியாஹாட் முனையில் அவர் எதிரே போய் நின்று, "என்ன டாக்டரய்யா, சௌக்கியமா?" என்றேன். "சௌக்கியம். நீங்க எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்டார். தினமும் என் கடையில் பொட்டுக்கடலை வாங்கித் தின்கிற மனுஷன்! பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நாலடி நடந்து காட்டினேன். "அட, நம்ம அண்ணாச்சி!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். கரியாஹாட் கூட்டம் முழுக்க வேடிக்கை பார்த்தது.

இவ்வளவு படித்தவருக்கு வங்காளம் மட்டும் ஏறவே இல்லை. அவருக்குத் தெரிந்தது முக்கால்வாசி அந்த ஒரு சொல்தான். டிராம் போய்விட்டால் தாடாவ். ரிக்ஷாக்காரன் திருப்பத்தைத் தாண்டினால் தாடாவ். கல்யாணப் பந்தியில் ரசகுல்லாவை இன்னொன்று போட வந்தால் இலையை மறைத்துக்கொண்டு தாடாவ். தெருப்பிள்ளைகள் அவர் தலை தெரிந்ததும் "தாடாவ் டாக்தார்! தாடாவ் டாக்தார்!" என்று கூவிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடுவார்கள். அவரும் விடாமல் துரத்திப்போய், எவன் நிஜமாக நொண்டுகிறான், எவன் நடிக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்.

அந்தச் சொல் ஒருமுறை அவர் காலையே வாரியது. வகுப்பில் பையன்கள் சளசளவென்று பேசியிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல நினைத்து "தாடாவ்!" என்று அதட்டியிருக்கிறார். அத்தனை பேரும் படாரென்று எழுந்து நின்றுவிட்டார்கள். ஏன் எழுந்தார்கள் என்று அவருக்குப் புரியவில்லை, ஏன் எழச் சொன்னார் என்று அவர்களுக்குப் புரியவில்லை. மணி அடிக்கும்வரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

என்னிடம் வந்து கேட்டார். நான்தான் விளக்கினேன். "நம்ம 'நில்லு' மாதிரிதான் டாக்டரய்யா. ஓடுதவன்ட்ட சொன்னா ஓடாம நில்லு. உக்காந்திருக்கவன்ட்ட சொன்னா எந்திச்சு நில்லு."

ரொம்ப நேரம் யோசித்தார். "நல்ல சொல்லா இருக்கே அண்ணாச்சி. ஒரு சொல்லுல ரெண்டு வைத்தியம்!" என்றார்.

குதிரைகளிடமும் அதையேதான் சொல்வார். வாரம் தவறாமல் என் தீனி வண்டியிலேயே ஏறி லாயத்துக்கு வருவார். ஒவ்வொரு குதிரையிடமும் போய்த் தோளில் கை வைத்து, தாழ்ந்த குரலில் "தாடாவ்" என்று சொல்லி, அந்தக் கையை அப்படியே முன்னங்கால் வழியாகக் குளம்புவரை வழித்துக்கொண்டு இறக்குவார். அவர் வைத்தியம் பார்க்க வந்தவர் இல்லை. லாயத்துக்கு வேறு டாக்டர் இருந்தார். நல்ல கால் எப்படி இருக்கும் என்று கை பழக வேண்டாமா என்பார். பீகார்க்காரனான தலைமைக் குதிரைக்காரன் ராம்தீனுக்கு இது பெரிய தமாஷ்.

"டாக்டர் சாப், இதுங்களுக்கு ஹிந்தி தெரியும், இங்கிலீஷ் தெரியும். வங்காளம்தான் தெரியாது."

நான் மொழிபெயர்த்தேன். டாக்டர், "கல்கத்தாவுலதான இருக்கு? படிச்சுக்கிடட்டும்னு சொல்லும்" என்றார்.

குதிரைக்கால் உடைந்தால் சுட்டுவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஏன் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். "மாடு மூணு கால்ல நிக்கும். நாய் மூணு கால்ல ஓடும். குதிரை மூணு கால்ல சாவும்." அத்தனை பாரத்தையும் மிச்சக் கால்களில் போட்டு நின்றால் நல்ல குளம்பும் அழுகிப்போகும். படுக்கப் போட்டால் குடலும் நுரையீரலும் கெட்டுப்போகும். அதனால் உடைந்த காலை அன்றைக்கே ஊன்றி நிற்கிற மாதிரி செய்யவேண்டும். அவர் ஆராய்ச்சி முழுக்க அதுதான்: எந்த இடத்தில், எந்தச் சாய்வில் திருகாணி முடுக்கினால் அத்தனை கனத்தை எலும்பு தாங்கும் என்பது.

அதற்குச் செத்த குதிரைகளின் கால்கள் வேண்டும். லாயத்தில் கேட்டு வாங்கி, என் கடைக் காலிச் சாக்கில் கட்டிக் கல்லூரிக்குக் கொண்டுபோவார். ஒருநாள் நான் வண்டி தருகிறேன் என்று சொல்லியும் கேட்காமல் டிராமில் ஏறிவிட்டார். சாக்கிலிருந்து ஈரம் கசிந்திருக்கிறது. கண்டக்டர் உள்ளே என்ன என்று கேட்க, இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார், தனக்குத் தெரிந்த வங்காளத்தில். "பா."

வங்காளத்தில் பா என்றால் கால். யாருடைய கால் என்று சொல்ல அவருக்குச் சொல் தெரியவில்லை. தெருவில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அப்போது கல்கத்தாவில் சாக்குக்குள் கால் என்றால் யாருக்கும் சிரிப்பு வராது. டிராம் ஒரு நொடியில் காலி. போலீஸ் தாணாவிலிருந்து எனக்கு ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் மேஜைமேல் பிரிக்காத சாக்கு, சுற்றிலும் தூரத்தில் போலீஸ்காரர்கள், நடுவில் இவர் நிம்மதியாக உட்கார்ந்து தாரோகா என்கிற இன்ஸ்பெக்டரின் செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் சாக்கைத் தலைகீழாக உதறினேன். லாடம் அடித்த குளம்பு டங்கென்று விழுந்தது. தாரோகா சிரித்த சிரிப்பில் தேநீர் வந்தது, சிங்காடா என்கிற சமோசா வந்தது. நான் மட்டும் போகாதிருந்தால் ஆராய்ச்சி அன்றோடு முடிந்திருக்கும் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆனால் உயிருள்ள குதிரையில் அவர் தோற்றுக்கொண்டுதான் இருந்தார். இரண்டு முறை செய்தார், இரண்டும் போயிற்று. "ஆபரேஷன்ல ஜெயிச்சேன் அண்ணாச்சி. எந்திக்கையில தோத்தேன்" என்றார். மயக்கம் தெளிகிறபோது குதிரைக்கு முதலில் வருகிற புத்தி ஓடணும் என்பதுதானாம். கால் சரியாகப் பிடிக்கும் முன்னே துள்ளி எழும், விழும், சுவரில் மோதும். முடுக்கிய திருகாணியெல்லாம் எலும்போடு பிய்ந்து வரும். "அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அதைப் படுக்க வைக்க ஒரு வழி தெரிஞ்சா போதும்" என்று என் கடை வாசலில் உட்கார்ந்து பொட்டுக்கடலையைத் தின்னாமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாக வந்தவள் ராணி.

காலைப் பயிற்சி ஓட்டம். நான் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் கடைசிக் கொட்டடியில் ஏதோ ஒரு காலை வழித்துக்கொண்டிருந்தார். ராணியை ராம்தீன் நடத்திக்கொண்டு வருகிறான், முன்னங்கால் தரையில் படவில்லை. சிவப்புக் குதிரை, வேர்வையில் கறுப்பாகத் தெரிந்தது. லாயத்து டாக்டர் பார்த்தார், தலையை ஆட்டினார், துப்பாக்கிப் பெட்டி கொண்டுவரச் சொன்னார். சொந்தக்காரரான மார்வாடி சேட் காரைவிட்டு இறங்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நம்மவர் ஓடிவந்தார். "தாடாவ்! தாடாவ்!" குதிரைக்குச் சொன்னாரா துப்பாக்கிக்காரனுக்குச் சொன்னாரா தெரியாது. இரண்டு பேரும் நின்றார்கள். காலை வழித்துப் பார்த்தார். "முட்டிக்குக் கீழ நீளவாக்குல வெடிப்பு. துண்டா போகல. என்ட்ட குடுக்கச் சொல்லும்."

சேட் காருக்குள்ளிருந்தே கேட்டார். "தௌடேகி?" ஓடுமா?

"நிக்கும்" என்றார் டாக்டர்.

"நிக்கிறதுக்கு நான் ஒரு சிலை வாங்கி வச்சுக்குவேனே, டாக்டர் சாப்!"

"சிலை குட்டி போடாது சேட்ஜி" என்று நான் நடுவில் விழுந்தேன். என் வாய் அப்படி. அதோடு நின்றிருக்கலாம். சேட் யோசிக்கிற முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேகம் பிடித்துவிட்டது. "இவர் கையில குடுங்க. ராணி எழுந்து நிக்கலேன்னா, இந்த லாயத்துல என் மூட்டை இனி இறங்காது!"

அந்த லாயம்தான் என் வியாபாரத்தின் முதுகெலும்பு. ராம்தீன் வாயைப் பிளந்தான். சேட் சிரித்துவிட்டார். "கொள்ளுக்காரன் குதிரைக்கு ஜாமீனா! சரி, நடக்கட்டும். ஆனா துப்பாக்கியும் கூட வரும். எழுந்திருக்கலேன்னா அவ கஷ்டப்படக் கூடாது."

டாக்டர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக என் முகத்தை. "என்னவே இப்படிச் சொல்லிப்போட்டீரு!" என்றார்.

கல்லூரியில் ஓர் அறையைத் தயார் செய்தோம். செய்தோம் என்றால் நான் செய்தேன். அறை முழுக்கச் சுவரோரமாக ஆள் உயரத்துக்குத் தவிட்டு மூட்டைகளை அடுக்கி, தரையில் ஒரு முழ உயரம் வைக்கோல் போட்டேன். எல்லாம் என் கடைச் சரக்கு. ஆபரேஷன் நடுவில் கரண்டு போனது. அது கல்கத்தா, லோட்ஷெடிங் இல்லாத நாள் ஏது? நான் பதறினேன். டாக்டர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கையால் சுற்றுகிற துளைக்கருவியை எடுத்தார். "இந்த ஊர்ல கரண்ட நம்பி எலும்புல ஓட்டை போடுதவன் மடையன்" என்று சொல்லிக்கொண்டே சுற்றினார். எலும்புத்தூள் வெள்ளையாக உதிர்ந்தது. திருகாணிகள் ஒவ்வொன்றாக இறங்கின. வெடிப்பு மூடிக்கொண்டதை நானே எட்டிப் பார்த்தேன், மரப்பலகையில் கீறல் அடைபடுகிற மாதிரி.

மாவுக்கட்டுப் போட்டு, எல்லாருமாக இழுத்துக்கொண்டுபோய் வைக்கோலில் கிடத்தினோம். வாலில் ஒரு கயிறு. அதைப் பிடித்தது நானும் ராம்தீனும். எழுகிறபோது பின்பக்கம் சாயாமல் பிடிக்க. தலைப்பக்கம் டாக்டர், கழுத்தில் முழங்காலை ஊன்றிக்கொண்டு. சன்னலுக்கு வெளியே சேட்; அவருக்குப் பின்னால் துப்பாக்கிப் பெட்டியோடு அந்த ஆள்.

முதலில் காது அசைந்தது. பிறகு கண்ணில் வெள்ளை தெரிந்தது. அடுத்து நான் பார்த்தது டாக்டர் தூக்கி எறியப்பட்டதை! ராணி நாலு காலையும் காற்றில் வீசினாள். ஒரு மூட்டை கிழிந்து தவிடு மழையாகக் கொட்டியது. மாவுக்கட்டுக் கால் சுவரில் ஒருதரம் தட்டியது. ராம்தீன் அல்லாடுகிறான், நான் ராமா முருகா என்று இரண்டு பேரையும் கூப்பிடுகிறேன், சன்னலில் சேட் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தவிட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. அதட்டல் இல்லை. வாரா வாரம் லாயத்தில் கேட்கிற, தாழ்ந்த குரல்.

"தாடாவ்."

ராணியின் காது திரும்பியது.

டாக்டர் தவழ்ந்து வந்தார். தோளில் கை வைத்தார். "தாடாவ்" என்று சொல்லி, கையை அப்படியே கால் வழியாக வழித்துக்கொண்டு இறக்கினார். ராணி புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டாள். தலையை வைக்கோலில் வைத்தாள். எத்தனையோ காலைகளில் அந்தக் கைக்கும் அந்தச் சொல்லுக்கும் அசையாமல் நின்றவள், இப்போது அசையாமல் கிடந்தாள்.

அப்படியே கிடந்தாள்! மறுபடி கண் உருண்டபோது மறுபடி "தாடாவ்", மறுபடி அந்தக் கை. கண் தெளிந்து, உதடு இறுகி, அவள் தானாகவே புரண்டு நெஞ்சை ஊன்றி உட்கார்ந்தாள். டாக்டர் பின்பக்கமாகவே நகர்ந்து கதவோரம் போனார். கையில் தலைக்கயிறு. என் கடையில் அவர் யோசித்தாரே, ஒரு சொல்லில் இரண்டு வைத்தியம் என்று, அதே முகம். நெஞ்சை நிமிர்த்தி, வகுப்பில் பையன்களை அதட்டிய அதே குரலில் கத்தினார்.

"தாடாவ்!"

எழுந்தாள். ஒரே எழுச்சி! முன்னங்கால் நீண்டது, ஊன்றியது, முதுகு வளைந்தது, வால் கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது. மேலெல்லாம் தவிடாக, நடுங்கிக்கொண்டு, நாலு காலில் நின்றாள். மாவுக்கட்டுக் கால் தரையில் இருந்தது. பாரத்தோடு இருந்தது!

நான் போட்ட கூச்சல் அலிப்பூர்வரை கேட்டிருக்கும். "கத்தாதேயும்வே!" என்றார் டாக்டர். அவர் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத்தான் கால் நிற்கவில்லை.

ராம்தீன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுகைக்கு நடுவே, "சாப், இவ வங்காளி ஆயிட்டா" என்றான்.

சேட் உள்ளே வந்தார். பார்த்தார். பெட்டிக்காரனைப் போகச் சொன்னார். பிறகு ஆசை யாரை விட்டது? "தௌடேகி?" என்று கேட்டார்.

"நிக்கும்" என்றார் டாக்டர் தரையில் உட்கார்ந்தபடியே.

ராணி அப்புறம் ரேஸ் ஓடவில்லை. குட்டிகள் போட்டாள். அந்தக் குட்டிகளும் என் கொள்ளைத்தான் தின்றன. என் மூட்டை அந்த லாயத்தில் முன்னைவிட அதிகமாக இறங்கியது. டாக்டர் எழுதியதை வெளிநாட்டுக்காரர்கள் படித்தார்கள் என்றார்கள். எனக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. அவருக்கு அடுத்தடுத்து வெவ்வேறு ஊர்களிலிருந்து குதிரைகள் வந்தன. எல்லாம் பிழைக்கவில்லை. பிழைத்தவை நின்றன. அறுத்துக் கட்டுவதற்கு முன் நாளெல்லாம் குதிரை பக்கத்திலேயே இருந்து, அதற்கு அந்தச் சொல்லைப் பழக்கிவிட்டுத்தான் கத்தியைத் தொடுவார். மாணவர்கள் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டார்கள். குதிரையைப் பழக்குவதற்கான மந்திரம் என்று நினைத்தார்களோ என்னவோ. வங்காளிப் பையன்களுக்கே அவர்கள் பாஷை மந்திரமாகிவிட்டது!

பிறகு அவருக்கு மெட்ராஸில் பெரிய பதவி வந்தது. ஹௌராவில் மெட்ராஸ் மெயிலுக்கு வழியனுப்பப் போனேன். அப்போது நான் மூன்று கடைக்கு முதலாளி. மூட்டையைத் தொட்டே வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் இடது காலால் மிதித்து, வலது காலால் தொட்டுக்கொண்டுதான் நடந்தேன். தோளை மாற்றச் சொல்லி எத்தனை முறை சொல்லியிருப்பார்! நான் யார் பேச்சைக் கேட்டு வளர்ந்தேன்?

வண்டி நகர்ந்தது. நான் இன்னும் பேசி முடிக்கவில்லை. ராணியின் இரண்டாவது குட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வாசற்கம்பியோடு சேர்ந்து நடந்தேன். வண்டி வேகம் பிடிக்க, நானும் ஓடினேன். பேசிக்கொண்டே ஓடினேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதை என்று கேட்கவேண்டுமா? என் காலைத்தான். முகம் சுருங்கியது. இரைச்சலுக்கு மேலே அந்தக் குரல் வந்தது.

"தாடாவ்!"

நின்றுவிட்டேன். நட்டுவைத்த மாதிரி நின்றுவிட்டேன். பெட்டி பெட்டியாக வண்டி என்னைத் தாண்டிப் போனது. கடைசிப் பெட்டியும் போனது.

பின்னால் வந்த ஒரு வங்காளி அம்மாள் என் முதுகில் மோதிக்கொண்டாள். "தாடாலேன் கேனோ, தாதா?" ஏன் நின்றுவிட்டீர்கள் என்று கேட்டாள்.

"டாக்தார் பொலேச்சேன்" என்றேன். டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மாள் குனிந்து என் காலைப் பார்த்தாள்.